அண்ணாவின் அறையில் கடலோரம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இது அம்மா உனக்கு எழுதும் கடிதம், பேனா பிடித்திருப்பது மட்டும் உன் தங்கை. இங்கே எல்லோரும் சுகம், அம்மாவின் இரண்டு கைகளைத் தவிர. அவை முழங்கை வரை வெள்ளையாக, பிளாஸ்டர் மாவு காய்ந்து பொருக்குத் தட்டிப்போய் இருக்கின்றன. சமையலறைத் தொட்டி முன்னால் நின்று ஒரு வார்ப்பிலிருந்து மணலைத் தூரிகையால் தட்டிக்கொண்டே அவள் சொல்கிறாள், நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ சுகமா என்று முதலில் கேட்கச் சொன்னாள். அடுப்புச் சூட்டில் நாளெல்லாம் நிற்கிறவன் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டுமாம், ரொட்டி சுடுகிறவன் ரொட்டியையே தின்று வயிற்றை ஏமாற்றக் கூடாதாம், காலுக்கு நல்ல செருப்பாக வாங்கிக்கொள்ள வேண்டுமாம். இதையெல்லாம் போனில் சொன்னால் ஆகாதா என்று அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கேட்டார். "போன்ல அவன் எதைச் சொன்னாலும் சரிம்மா சரிம்மாம்பான். காதுல வாங்கிட்டுச் சொல்றானா, ரொட்டி கருகுதுன்னு ஓடறதுக்குச் சொல்றானா, யாருக்குத் தெரியும்? இது அப்படிச் சரிம்மா போட்டுத் தள்ற விஷயம் இல்ல" என்றாள் அம்மா.

விஷயம் உன் அறையைப் பற்றியது. அதைக் கடைசியில் மெதுவாகச் சொல்லலாம் என்பது அம்மாவின் யோசனை, ஆனால் நீ பாதியில் பதறிவிடுவாய் என்பதால் நான் இங்கேயே எழுதிவிடுகிறேன். அறைக்கு ஒன்றும் ஆகவில்லை, கூரை ஒழுகவில்லை. அம்மாவுக்கு அந்த அறை தேவைப்படுகிறது, கேட்க வாய் வரவில்லை, அவ்வளவுதான். நீ கிளம்பும்போது பெட்டியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி, "என் ரூம்ல யாரும் கை வைக்காதீங்க, வரும்போது அப்படியே இருக்கணும்" என்றாய். அம்மாவும் "சரிடா" என்றாள். நீ அதைப் பாதி விளையாட்டாகச் சொன்னாயோ என்னவோ, அம்மா விளையாட்டாகத் தலையாட்டவில்லை. அன்றிலிருந்து உன் மேஜை மேல் நீயும் அப்பாவும் பாதியில் விட்ட சதுரங்கப் பலகையைத் துடைக்கும்போதுகூட ஒவ்வொரு காயாகத் தூக்கி, துடைத்து, அதே கட்டத்தில் திரும்ப வைக்கிறாள். அப்பா அவ்வப்போது உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, தான்தான் ஜெயிக்கப்போவதாக அறிவிக்கிறார்.

அறை எதற்குத் தேவைப்பட்டது என்று முதலிலிருந்து சொல்கிறேன். நீ போன பிறகு அம்மாவுக்குக் கண் வலி வந்தது. பல் கட்டித் தரும் லேபில் விளக்குக்கு அடியில் குனிந்து, யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லை மூக்குக்கு நேரே வைத்துச் செதுக்கிக்கொண்டே இருந்தால் வராமல் என்ன செய்யும். கண் டாக்டர் மருந்தொன்றும் தரவில்லை, தினமும் கொஞ்ச நேரம் தூரத்தில் இருப்பதைப் பாருங்கள் என்றார். இந்த ஊரில் தூரம் என்றால் கடல்தான். வேலை முடிந்ததும் அப்பா ஓட்டும் பஸ்ஸிலேயே ஏறிக் கடற்கரைச் சாலையில் இறங்கிவிடுவாள், பள்ளி விட்டதும் நானும் போய்ச் சேர்ந்துகொள்வேன். கல் பெஞ்சில் உட்கார்ந்து கடலும் வானமும் சேரும் கோட்டைப் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி முறைத்துப் பார்த்தாள். அது சில நாட்கள்தான் நடந்தது. பிறகு ஒரு நாள் நான் போனபோது பெஞ்சில் ஆளில்லை, ஈர மணலில் நாலு காலில் இருந்தாள். பறவை ஒன்று நடந்துபோன தடத்தைப் பார்த்துக்கொண்டு, "இங்க பாரு, இந்த நகம் மட்டும் ஆழமா அழுந்தியிருக்கு. இந்தப் பக்கம் சாய்ஞ்சு நடக்கற பறவை" என்றாள், யாரோ ஒரு பக்கமாக மென்று தின்கிறார் என்று சொல்லும் அதே குரலில். டாக்டர் தூரத்தையல்லவா பார்க்கச் சொன்னார் என்றேன். "பறவை தூரமா போயிடுச்சே, அது போதாதா" என்றாள்.

மறுநாளே கைப்பையில் பிளாஸ்டர் மாவும் ரப்பர் கிண்ணமும் வந்துவிட்டன. லேப் முதலாளி தேதி தாண்டிய மாவை, அது யார் வாய்க்கும் ஆகாது என்று மூட்டையாகத் தந்துவிட்டாராம். மாவைக் குழைத்து அந்தத் தடத்தில் ஊற்றி, இறுகும் வரை உட்கார்ந்திருந்து பெயர்த்து எடுத்தாள். மணலில் பள்ளமாக இருந்த கால் கையில் மேடாக எழுந்து வந்தது அண்ணா! அலை இழுத்த வரிகளை எடுத்தால் அவை மலைத்தொடர்போல் நிற்கின்றன, நத்தை ஊர்ந்த கோடு கயிறுபோல் ஓடுகிறது. புவியியல் புத்தகத்தில் நான் படம் படமாகப் பார்த்ததெல்லாம் கைக்குள் அடங்கும் அளவில் இருக்கிறது. ஆனால் அந்த முதல் வார்ப்பு இப்போது அப்படி இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மாவின் கைகள் அவளைக் கேட்காமல் லேப் வேலையை ஆரம்பித்துவிட்டன. ஓரம் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, ஈறில் குத்துமா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்து, மணல்மணியாக இருந்த சொரசொரப்பை எல்லாம் எடுத்து வழவழவென்று ஆக்கிவிட்டாள். அப்பா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அருமையா இருக்கு, எந்தப் பறவைக்குப் பல்லு கட்டியிருக்க?" என்று கேட்டார். அம்மா அடுத்த நாளே உப்புத்தாளைத் தூக்கிப் பரண்மேல் போட்டாள். இப்போதும் கை துறுதுறுக்கும்போது என்னைக் கூப்பிட்டு வார்ப்பைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போகச் சொல்கிறாள்.

இன்னொரு கூத்தையும் எழுதச் சொல்லி அப்பா சிரிக்கிறார், எழுதாதே என்று அம்மா தொட்டியிலிருந்து தண்ணீர் தெளிக்கிறாள், தாளில் இருக்கும் ஈரம் அதுதான். அப்பாவுக்கு வேலை இல்லாத ஒரு நாள், பெரிய துண்டு ஒன்று எடுப்பதற்காக மூன்று பேரும் வாளி நிறைய மாவோடு போனோம், நல்ல தண்ணீர்க் கேன் பஸ்ஸிலேயே போய்விட்டது. கேனை இறக்க மறந்தது அப்பா என்று அம்மாவும், கேட்க மறந்தது அம்மா என்று அப்பாவும் இன்றுவரை சொல்கிறார்கள். எதிரில் இவ்வளவு தண்ணீர் இருக்கிறதே என்று கடல் நீரை அள்ளிக் குழைத்தாள். ஊற்றப் போவதற்குள் வாளியிலேயே இறுகிவிட்டது, உள்ளே கரண்டியும் நட்டுக்கொண்டு நிற்கிறது. "உப்புத் தண்ணியில சீக்கிரம் இறுகும்னு எனக்குத் தெரியாதா? லேப்ல அவசர வேலைன்னா நானே ஒரு சிட்டிகை உப்புப் போடுவேனே!" என்று மணலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள், தலையும் வெள்ளையாயிற்று. அந்த வாளியை யாராலும் தூக்க முடியவில்லை. அப்பா உருட்டிக்கொண்டே வந்து பஸ் நிறுத்தத்தில் நிறுத்தினார், மூன்று பேரும் பக்கத்தில் ஒன்றும் தெரியாதவர்கள்போல் நின்றோம்.

அங்கேதான் நூலகக்காரம்மா எங்களைப் பிடித்தார். நூலகத்தில் குழந்தைகள் பகுதியைப் பார்த்துக்கொள்பவர், புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பித் தரும் என்னை அவருக்கு நன்றாகத் தெரியும். தன் நாயோடு நடக்க வந்தவர் வாளி என்ன, கரண்டி என்ன என்று விசாரித்து, பையில் இருந்த வார்ப்புகளை எல்லாம் வெளியே எடுக்கவைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். அவர்கள் பகுதியில் ஒரு நீளச் சுவர் சும்மா இருக்கிறதாம். "எங்ககிட்ட வர்ற பிள்ளைங்க எங்க போனாலும் தொடாதே தொடாதேன்னுதான் கேக்குதுங்க. தொடுன்னு சொல்ற சுவர் ஒண்ணு வேணும். காய்ஞ்ச மணல்ல ஆரம்பிச்சு அலை வரைக்கும், அப்படியே ஒரு கடலோரத்தைக் கொண்டுவந்து குடுங்க" என்றார். அம்மா பயந்துவிட்டாள். "நான் பல்லு செய்யறவங்க, சிற்பி கிற்பி எல்லாம் இல்ல" என்றாள். "பல்லையும் தொட்டுப் பார்த்துத்தானே செய்வீங்க?" என்று கேட்டுவிட்டு அவர் நாயோடு போய்விட்டார். வீட்டுக் கதவைத் திறக்கும்போது அம்மா, "நண்டு வளைய என்ன பண்றது?" என்றாள். வளைக்குள் மாவு போனால் உள்ளே இருக்கும் நண்டின் கதி அவ்வளவுதானே. ஒவ்வொரு வளை மேலும் ஒரு கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்துவிட்டுச் சுற்றிலும் ஊற்றலாம் என்று பிறகு முடிவாயிற்று. சுவரில் அந்த இடமெல்லாம் வட்ட ஓட்டையாக நிற்கும், குழந்தைகள் கையை விட்டுப் பார்க்கலாம்.

சிக்கல் இதுதான். முழுக் கரையையும் கடல் ஒருமுறை உள்வாங்கி மறுபடி ஏறுவதற்குள் எடுத்தாக வேண்டும், தண்ணீர் ஏறினால் எல்லாம் அழிந்துவிடும். அடுத்த மாதத் தொடக்கத்தில் கடல் நன்றாக உள்வாங்குமாம், கரையோரமாகவே பஸ் ஓட்டுவதால் அப்பா இதில் இப்போது பெரிய நிபுணர். பலகை பலகையாக எடுத்த வார்ப்புகளைப் படுக்கப்போட்டு நன்றாகக் காயவிட வேண்டும், ஈரத்தோடு நிமிர்த்தினால் விரிசல் விடும். ஹாலில் பரப்பிப் பார்த்தோம், அப்பா இருட்டில் நத்தைக் கோட்டின் மேல் கால் வைத்தார், இரண்டும் உடையவில்லை ஆனால் இரண்டுக்கும் வலி. பால்கனியில் வைத்தோம், பக்கத்து வீட்டுப் பூனை ஈரத்தில் நடந்தது. இயற்கையோடு சேர்ந்து வாழ்வதென்றால் பூனையும் சேர்த்தித்தான் என்று அப்பா சமாதானம் சொன்னார். என் அறையை எடுத்துக்கொள் என்று நான் பெருந்தன்மையாகச் சொன்னேன், ஹாலில் திரை போட்ட என் மூலையை நான் ஒருத்திதான் அறை என்று சொல்லிக்கொள்கிறேன். தரை விரிந்து, ஜன்னல் காற்று வந்து, யாரும் குறுக்கே நடக்காத இடம் உன் அறை ஒன்றுதான்.

அம்மா இதுவரை என்ன செய்திருக்கிறாள் என்பதையும் மறைக்காமல் எழுதச் சொல்கிறாள். முதலில் சில வார்ப்புகளை உன் கட்டிலுக்கு அடியில் வைத்தாள், கட்டிலுக்கு அடியில் வைப்பது அறையில் கை வைப்பதாகாது என்றாள். பிறகு ஜன்னல் திட்டில் வைத்தாள், ஜன்னல் பாதி வெளியைச் சேர்ந்ததாம். பிறகு அலமாரி உச்சிக்கு அவை போயின, அங்கே உனக்கே எட்டாதாம். மேஜைக்கு வந்தபோது நின்றுவிட்டாள். நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் அவசரமாக எழுந்து போய் ஒரு கதவைச் சாத்துகிறாளே, காற்று அடிக்கிறது என்பாளே, அது காற்று இல்லை.

நேற்று நூலகக்காரம்மா முடிவு கேட்டுப் போன் செய்தார். பையனைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று அம்மா வைத்துவிட்டாள். அப்பா, "அவன் லீவுல வந்தா என் கட்டில்ல படுக்கட்டும், நான் ஹால்ல படுத்துக்கறேன். கட்டிலுக்கா இந்த வீட்ல பஞ்சம்?" என்றார். அம்மா, "கட்டில் இல்லைங்க விஷயம். பெட்டியோட வந்து கதவைத் திறக்கறான், பிளாஸ்டர் வாசனை அடிக்குது. உடனே என்ன தோணும்? இந்த வீட்டுக்கு நான் இனிமே விருந்தாளின்னு தோணிடாதா புள்ளைக்கு?" என்றாள். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். நான் படித்த புத்தகங்களில் இதற்குப் பதில் சொல்லும் ஒரு வரி இருக்கும் என்று நினைத்துத் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

இதுவரை எழுதியதை இப்போது அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஊர்க்கதை பூரா எழுதியிருக்க, அவன்கிட்ட கேட்டியா?" என்றாள். நீதானேம்மா கேட்க வேண்டும், நான் எப்படிக் கேட்பது என்றேன். அம்மா குழாயை மூடிவிட்டு, "சரி எழுது. பெரியவனே, முடிஞ்சா எனக்கு அந்த ரூம் வேணும்" என்றாள். எழுதினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "அந்த முடிஞ்சாவ அடிச்சுடு" என்றாள், அடித்துவிட்டேன். அண்ணா, உனக்கு வேணுமா, தங்கச்சிக்கு வேணுமா, அப்பாவுக்கு வேணுமா என்று அம்மா கேட்டு ஆயிரம் தரம் கேட்டிருக்கிறேன். எனக்கு வேணும் என்று அவள் எதையாவது சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் அம்மா சொன்னதை இங்கே தனியாக, தெளிவாக எழுதுகிறேன்: பெரியவனே, எனக்கு அந்த ரூம் வேணும்.

வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்றே எழுதச் சொல்கிறாள். கோபித்துக்கொள்ள மாட்டாளாம், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாளாம், அதற்கு அப்பா இருக்கிறாராம். சரி என்றால் சதுரங்கப் பலகையைப் படம் வரைந்து வைத்துக்கொண்டுதான் நகர்த்துவோம், அப்பாவை அந்த நேரம் வெளியே அனுப்பிவிடுகிறேன். எதுவானாலும் யோசித்து, கையால் எழுதி, அடுத்த மாதம் பிறப்பதற்குள் வந்துசேரும்படி அனுப்பு. போனில் சரிம்மா சொன்னால் செல்லாது. நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சூட்டில் கையைச் சுட்டுக்கொள்ளாமல், நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் ஆசீர்வாதம் சொல்கிறார்கள். கையெழுத்து மட்டும் தானே போடுவேன் என்று அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறாள், நகக்கண்ணில் இன்னும் வெள்ளை இருக்கிறது. பேனாவைக் கொடுக்கிறேன்.

கண்ணு, இவ அடிச்ச வார்த்தைய நீ திரும்பப் போட்டுப் படிக்காத.

உன்
அம்மா