பக்கத்து சீட்டுக்கு ஆள் வருது

முந்தாநாள் உன் மகள் வந்து, பரணில் கிடக்கும் நம் புத்தகத்தைக் கேட்டாள். கல்லூரியில் அவளுக்கும் இந்த வருடம் அமெரிக்க வரலாறு ஒரு பாடமாம். ஸ்டூலைப் போட்டு ஏறி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் பையைப் பிரித்தேன். ஏலக்காய் ஸ்டோரின் புகை வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. காய் உலர்த்தும் அந்தக் கட்டடத்தில் மதியச் சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் நாம் பிரித்து வைத்துப் படித்த புத்தகம் அல்லவா? இத்தனை வருடம் கழித்தும் அட்டை, தாள் எல்லாம் அதே வாசம். இறங்காமல் ஸ்டூலிலேயே நின்றேன்.

"என்ன பெரியம்மா, தல சுத்துதா?" என்று கீழேயிருந்து கேட்டாள். அப்படியே உன் குரல்.

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. நாலு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாய் என்று உன்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆனால் சொல்லாமல் இருந்ததில் உனக்கு நான் சளைத்தவள் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நமக்கு அப்போது முப்பது வயதுதான் இருக்கும். இரண்டு பேரும் ராசிங்காபுரத்திலிருந்து தினமும் மலையேறி ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்தோம். எங்கள் கிணறு வற்றியதால் நான் மலைக்கு வந்தேன். உங்களுக்கு வற்றுவதற்குக் கிணறே இருந்ததில்லை. வயது வரம்பு தாண்டுவதற்குள் அரசாங்கப் பரீட்சை எழுதிவிட வேண்டும் என்று நீ தபால் வழியில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தாய். நான் ஏன் சேர்ந்தேன்? நீ சேர்ந்தாய், அதனால் சேர்ந்தேன். வேறு காரணம் எதுவும் எனக்கு இருக்கவில்லை.

புத்தகம் ஒன்றுதான். ஜீப்பில் போகும்போது நான் சத்தமாக வாசிப்பேன், நீ கேட்பாய். மதியம் ஸ்டோரில் கேரியரைத் திறந்ததும் நீ அதைத் திருப்பிச் சொல்லுவாய். அப்படிச் சொல்லும்போதுதான் எனக்கே பாடம் விளங்கும்.

வரிவிதிப்புக்கு எதிர்ப்புக் காட்ட, துறைமுகத்தில் கப்பலில் ஏறித் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள் என்று வாசித்தேன். புத்தகம் அதை வீரச்செயல் என்றது. நீ சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டாய்.

"ஏ புள்ள, அம்புட்டுக் கொழுந்தையும் எவ கிள்ளுனாளோ! ஒரு பொம்பளையையாச்சும் கேட்டாகளா?"

கறுப்பின அடிமை ஒருவரை ஐந்தில் மூன்று பங்கு ஆளாகக் கணக்கிட வேண்டும் என்று அவர்கள் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். அதைக் கேட்டு நீ சிரித்தாய். "பரவால்லயே, அஞ்சுல மூணாச்சும் எண்ணுனாகளே" என்றாய். நானும் சேர்ந்து சிரித்தேன். எதற்குச் சிரித்தாய் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. நம் ஜீப்பில் ஏற்றக்கூடிய அளவுக்கு மேல் ஆள் இருக்கும். வழியில் போலீஸ் யாராவது எண்ணுவதுபோலத் தெரிந்தால் டிரைவர் குரல் கொடுப்பான். உடனே கீழே உட்கார்ந்திருக்கும் காலனிப் பெண்கள் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். மேலே தார்ப்பாயை இழுத்துவிடுவார்கள். அந்த எண்ணிக்கையில் நீ இருந்ததே இல்லை.

பெண்கள் ஓட்டுரிமை கேட்டு எழுபது வருடத்துக்கு மேல் போராடினார்கள் என்று வந்தபோது, "ஆரம்பிச்சவுக கண்ணால பாக்காமயே போய்ச் சேந்துட்டாகளா?" என்று கேட்டாய். அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்த பிறகும், ஒரு மாநிலத்துக்கு அந்தச் சேதி போய்ச் சேர இரண்டரை வருடம் ஆனதாம். அதற்கும் நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய்.

"சேதி தெரிஞ்சவன் ஒருத்தன் இருந்திருப்பான்ல? அவன் ஏன் சொல்லாம இருந்தான்?"

ஜீப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும். நடுசீட்டில் எங்கள் தெருப் பெண்கள். பின்னால் எதிரெதிராக இருக்கும் பலகைகளிலும் எங்கள் தெருதான். நடுவில் தரையில், ஸ்டெப்னி டயரின் மேலும் சோற்றுக் கூடைகளுக்கு இடையிலும் நீயும் உங்கள் காலனியின் மற்ற மூன்று பேரும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஏறும்போதே அப்படித்தான் ஏறுவோம். இன்னொன்றும் உண்டு. ஜீப்பில் நீ என்னை "நீங்க" என்பாய். ஸ்டோருக்குள் நுழைந்ததும் "ஏ புள்ள" ஆகிவிடும். அந்த மாற்றத்தை நான் வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன். நம் இருவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்போல எனக்கு அது பிடித்துக்கூட இருந்தது. எவ்வளவு மண்டு நான்!

அப்படியிருக்கும்போதுதான் அந்தப் பாடம் வந்தது. வேலை முடிந்து பஸ்ஸில் வீட்டுக்குப் போன ஒரு தையல்கார அம்மா. வெள்ளைக்காரருக்கு இடம் விட்டு எழுந்திருக்கச் சொல்கிறார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. போலீஸ் பிடித்துப் போகிறது. அந்த ஊர்க் கறுப்பின மக்கள் ஒரு வருடத்துக்கு மேல் பஸ் ஏறாமல் நடந்தே வேலைக்குப் போகிறார்கள். இதை நான் நடுசீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஏற்ற இறக்கத்தோடு, வளைவுக்கு வளைவு ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன். நீ என் முதுகுக்குப் பின்னால் டயரில் உட்கார்ந்து கேட்டாய். வாசித்து முடித்துத் திரும்பி, டீச்சர் மாதிரி, "புரிஞ்சதா?" என்றேன்.

"நல்லா புரிஞ்சதுங்க" என்றாய்.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் வந்து நடுசீட்டில் உட்கார்ந்திருந்தாய். தலை வாரி, பூ வைத்து, கூடையை மடியில் வைத்திருந்தாய். ஒருவரும் ஏறவில்லை. டிரைவர் எனக்குக் கொழுந்தன் முறை. உன்னிடம் அவன் பேசவே இல்லை, என்னைத்தான் பார்த்தான்.

"மதினி, உங்க கூட்டாளிதான? நீங்களே சொல்லிருங்க. லேட்டாகுது."

நீயும் என்னைப் பார்த்தாய். சண்டைக்கு நிற்கிற பார்வை இல்லை அது. ஸ்டோரில் பாடத்தில் ஒரு இடம் விட்டுப்போனால், நான் எடுத்துக் கொடுப்பேன் என்று பார்ப்பாயே, அந்தப் பார்வை.

நான் சொன்னேன். "கீழ உக்காந்துக்க. எதுக்கு வம்பு?"

நீ கீழே உட்காரவில்லை. ஜீப்பை விட்டே இறங்கினாய். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, டவுன் பஸ் நிற்கும் பக்கமாக நடந்தாய். நான் உன் சூடு ஆறாத சீட்டில் உட்கார்ந்தேன்.

அதன்பிறகு நீ டவுன் பஸ்ஸில் போடிக்குப் போய், அங்கே மலை பஸ் பிடித்து, போடிமெட்டில் இறங்கி, நாலு மைல் நடந்து தோட்டத்துக்கு வந்தாய். பஸ் எங்களுக்கு முன்னாலேயே மெட்டுக்குப் போய்விடும். ஆனால் அந்த நாலு மைலில் ஜீப் உன்னைத் தாண்டிவிடும். நீ வந்து சேரும்போது வேலை தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். "எந்தா, இன்னிக்கும் லேட்டாணோ?" என்று மலையாளி சூப்பர்வைசர் கத்திவிட்டு, அட்டைப்பூச்சி மொய்க்கும் கடைசிச் சரிவை உனக்கு ஒதுக்குவார். மதியம் நீ வழக்கம்போல என் எதிரில்தான் உட்கார்ந்தாய். பாடமும் சொன்னாய். ஆனால் "நீங்க" என்று சொன்னாய். ஸ்டோருக்குள்ளேயே "நீங்க". "அடுத்த பக்கம் திருப்புங்க." "உப்பு வேணுமாங்க?" நீ என்னைத் திட்டியிருந்தால் சோறு இறங்கியிருக்கும்.

பதினோராம் நாள் நல்ல மழை. மெட்டைத் தாண்டியதும் நீ பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு போவது தெரிந்தது. டிரைவர் வேண்டுமென்றே ஹாரனை அழுத்தினான். நீ ஓடைப் பக்கம் ஒதுங்கினாய், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நடக்கட்டும், நடந்தா உடம்புக்கு நல்லது" என்றான் அவன். ஜீப் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சத்தம் வராமல்தான், ஆனால் சிரித்தேன். என் மடியில் அந்தப் புத்தகம் இருந்தது.

மறுநாள் விடியும் முன்பே டவுன் பஸ்ஸில் போடிக்கு வந்துவிட்டேன். மலை பஸ்ஸில் கூட்டம். நீ ஜன்னலோரம் இருந்தாய். உன் பக்கத்தில் ஆள் இல்லை, நீலமும் வெள்ளையுமாகப் பின்னிய உன் ஒயர் கூடை இருந்தது. என்ன சொல்வது என்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாய். அதைப் பார்த்த கண்டக்டர் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, இவுகதான் அந்த ஆளா? பதினோரு நாளா 'ஆள் வருது, ஆள் வருது'ன்னு இந்தம்மா ஒருத்தரையும் உக்கார விடல. நிக்கிறவுக என்னையத்தான் வஞ்சாக. முந்தல் தாண்டுனப்பெறகுதான் கூடைய எடுக்கும்."

முந்தல் மலையடிவாரத்தின் கடைசி நிறுத்தம். அதற்கு மேல் நம் ஊர் ஆள் ஏறுவதற்கு வழியில்லை. அதுவரை தினமும் எனக்கு இடம் போட்டு வைத்திருக்கிறாய். நான் உன்னைத் தாண்டி ஜீப்பில் போன அத்தனை நாளும்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, அத்தனை கூட்டத்தின் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாய்.

"ஏ புள்ள, வெரசா வந்துட்ட போ!"

பிறகு என் அழுகை பிடிக்காமல், "உனக்காக ஒண்ணுமில்ல. வேற எவளாச்சும் உக்காந்தா தூங்கித் தூங்கி மேல விழுவா" என்றாய்.

வீட்டில் ஒரு வாரம் என்னோடு பேச்சு இல்லை. தெருவில் பேச்சுக்குக் குறைவில்லை. உங்கள் காலனியின் மற்ற மூவரும் பஸ்ஸுக்கு வந்தார்கள். அந்தக் காய்ப்பு முடிவதற்குள், யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்று டிரைவரே ஆள் விட்டுச் சொன்னான். நீ ஒரே ஒரு நாள் ஏறினாய். நடுசீட்டில், நட்ட நடுவில். தோட்டத்தில் இறங்கியதும் இடுப்பைத் தடவிக்கொண்டு, "குஷன் கிழிஞ்சு கம்பி குத்துதுடி. இதுக்கா இம்புட்டு?" என்றாய். மறுநாள் மறுபடி பஸ்தான். கடைசிவரைக்கும் பஸ்தான்.

பட்டம் வாங்கினோம். அமெரிக்க வரலாற்றில் நீ என்னைவிட அதிக மார்க். அரசாங்கப் பரீட்சை மூன்று தரம் எழுதினாய், கிடைக்கவில்லை. மகளைப் பட்டதாரி ஆக்கிப் பார்க்கவும் உனக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஓட்டுக் கேட்டு ஆரம்பித்து வைத்த அந்தப் பெண்களைப் பற்றி நீ கேட்ட கேள்வி இப்போது அடிக்கடி ஞாபகம் வருகிறது.

முந்தாநாள் உன் மகள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்து அந்தப் பாடத்தில் நின்றாள்.

"பெரியம்மா, அம்மா ஏன் ஜீப்புலயே போகமாட்டாங்க? கேட்டா தல சுத்தும்பாங்க. ஆனா ஆஸ்பத்திரிக்கு அந்த வேகத்துல கார்ல போனோம். அப்பக்கூட சுத்துதுன்னு சொல்லலயே."

இத்தனை வருடமும் நீ என்னைக் காட்டிக் கொடுக்கவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தலை சுற்றுகிறது என்று உன் பிள்ளையிடமே பொய் சொல்லி என்னைக் காப்பாற்றியிருக்கிறாய். நானும் ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். அவள் என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறாள். நீ விட்டுப்போன குரலில் எனக்கு மிச்சம் அது ஒன்றுதான். அதையும் இழந்துவிட்டால் நான் யாரிடம் போவேன்?  ஆனால் சேதி தெரிந்தவன் ஏன் சொல்லாமல் இருந்தான் என்று நீ கேட்டாயே, அது என்னைத் தலையாட்ட விடவில்லை.

சொன்னேன். ஜீப், டயர், "எதுக்கு வம்பு", மழையில் சிரித்த சிரிப்பு, பஸ்ஸில் நீ போட்டு வைத்த இடம், எல்லாவற்றையும்.  அவள் புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டாள். "நான் போறேன்" என்றாள். போயிட்டு வர்றேன் என்று சொல்லவில்லை. நேற்று முழுவதும் ஆளும் இல்லை, போனும் இல்லை.

இன்று காலை டவுன் பஸ்ஸில் ஏறினேன். அவள் ஜன்னலோரம் இருந்தாள். பக்கத்தில் கல்லூரிப் பை. கூடப் படிக்கிற பெண் யாருக்காவது போட்டிருப்பாள் என்று நினைத்தேன், கிட்டே போகத் துணிவில்லை. ஒரு அம்மா போய், "பாப்பா, இங்க ஆள் வருதா?" என்றார். "வருது" என்றாள். யாரும் வரவில்லை. பஸ் ஊரைத் தாண்டியது. அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் போய் உட்கார்ந்தேன்.

போடி வந்தது. இறங்கும்போதுதான் என் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"வெரசா சொல்லிட்டீங்க, போங்க."

அங்கிருந்து நான் தனியாக மலை பஸ் ஏறினேன். வழக்கம்போல என் கூடையைப் பக்கத்து சீட்டில் வைத்தேன். நீ போனதிலிருந்து தினமும் வைக்கிறேன். முந்தல் வரைக்கும்தான். அதற்கு மேல் ஆட்களை நிற்க வைத்து இடத்தைக் காலியாக வைத்திருந்தால் உனக்குப் பிடிக்காது. இன்றைக்கும் ஒருவர் வந்து கேட்டார். நானும் சொன்னேன்.

ஆள் வருது.