இட்லிப்பூ பூக்காத இரண்டு வருஷம்

எதிர்வீட்டில் இன்று காலை இட்லிப்பூச் செடிகளை வெட்டிச் சமப்படுத்தினார்கள். அறுந்த பச்சையின் வாடை ஜன்னல் வழியே வந்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். நீ போய் இத்தனை வருஷத்தில் உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. எந்த முகத்தோடு எழுதுவது?

தொண்ணூறுகளின் கடைசியில் மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை ஓட்டலில் நாம் இருவரும் ஒரே நாளில்தான் தோட்ட வேலைக்குச் சேர்ந்தோம். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும் என்று என்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். உன் கையில் கத்தரி அப்படியே இருந்தது. நடைபாதை நெடுக இட்லிப்பூச் செடிகள் பந்து மாதிரி நிற்க வேண்டும், வாரம் தவறாமல் வெட்ட வேண்டும் என்றார் மேனேஜர். அதை உன்னிடம் வந்து சொன்னேன்.

"மச்சான், இது நுனியிலதான் மொட்டு வெக்கும். வாரா வாரம் நுனிய வெட்டிக்கினே இருந்தா பூ எங்கேர்ந்து வரும்? நீயாவது அவராண்ட சொல்லு."

"சொன்னத செய்யிடா," என்றேன். மேனேஜரிடம் வாயே திறக்கவில்லை.

இரண்டு வருஷம் ஒரு பூ இல்லை. ஒருநாள் முதலாளி வந்து, செடிகளின் முன்னால் நின்று காரணம் கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் உன்னைக் காட்டினேன்.

"இவன் சரியா உரம் வெக்கல சார்."

நீ மறுத்துப் பேசுவாய் என்று பயந்தேன். நீ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய், அவ்வளவுதான். அன்று சாயங்காலமே உன்னை அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் அந்த மேனேஜர் மாற்றலாகிப் போனார். வெட்டுவதை நிறுத்தச் சொன்னேன். மூன்றே மாதத்தில் நடைபாதை முழுக்கச் சிவப்பு. முதலாளி என் கையைப் பிடித்துக் குலுக்கி, "தோட்டக்காரன மாத்தினதும் பலன் தெரியுது பாரு," என்றார். "ஆமாம் சார்," என்றேன்.

நீ மறைமலைநகரில் கான்ட்ராக்ட் கூலியாகச் சேர்ந்ததும், பிறகு மஞ்சள் காமாலையில் படுத்ததும் காதில் விழுந்தன. உன்னைப் பார்க்க வரவில்லை. எல்லாம் முடிந்து, பதினாறாம் நாள்தான் கடப்பாக்கத்தில் உன் வீட்டு வாசலில் போய் நின்றேன். உன் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"உங்கள ஒரு வார்த்த தப்பா சொன்னதில்லண்ணா அவரு. 'அவன் இன்னா பண்ணுவான், அவனுக்கும் பொண்டாட்டி புள்ள கீதுல்ல'ன்னுதான் சொல்வாரு."

நீ வேலையை இழந்தபோது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. அது உனக்கு நன்றாகத் தெரியும். என்னை நல்லவனாகக் காட்ட உனக்கு ஒரு பொய் தேவைப்பட்டிருக்கிறது.

உன் மனைவியிடம் அதையும் நான் சொல்லவில்லை. தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.