அஞ்சடியில் ஒரு ஜன்னல்

786

பேகம்பூர், திண்டுக்கல்
2-3-1958

கொத்தனார் சடையாண்டி அண்ணனுக்குத் தங்கை சைனம்பு எழுதுவது.

நானும் மகள் கமர்ஜஹானும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்களும் அங்காளம்மாளும் சுகமாக இருக்க அல்லாவிடம் துஆ கேட்கிறேன்.

கமருடைய அத்தா மௌத்தாகி இன்றோடு நாப்பத்து நாலு நாள். நான் இத்தா இருக்கிறேன். நாலு மாசம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆண்பிள்ளைகளோடு பேசக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் வீட்டு வேலையைப் பற்றி, உங்களோடு சாந்து சுமக்கிற அங்காளம்மாளிடம் வாயால் சொல்லி அனுப்பினேன். நான் “உள் ரூமுக்குப் புகை வரக் கூடாது” என்று சொன்னால், அது உங்களிடம் “உள் ரூம்ல புகைக்கக் கூடாதாம், பீடிய வெளியில போய்க் குடிக்கணுமாம்” என்று வந்து சேர்கிறதாம். ஆகையால் இனி எழுதியே அனுப்புகிறேன். ரெண்டாங் கிளாஸ் படிப்புதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, கமருக்கு அவள் அத்தாவைப் போலவே மூச்சு இளைப்பு வருகிறது. இந்த வாடகை வீட்டில் அடுப்பங்கரைக்கு ஒரு ஓட்டை கிடையாது. அடுப்பு மூட்டினால் பிள்ளை வாசலில் போய் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறது. “புகையில்லாத வீடு ஒண்ணு கட்டி உங்க ரெண்டு பேரையும் அதுல வச்சிட்டுத்தான் புள்ளே மறுவேல” என்று சொன்னவர் சுவர் எழும்பியதும் போய்விட்டார்.

காற்று எந்த வழி வரணும், புகை எந்த வழி போகணும் என்று தினமும் சொல்வார். அவர் வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப்பில், தோல் காயப்போடும் கொட்டகை மாதிரி என்பார். நான் வெஞ்சனத்துக்குக் காய் அரிந்துகொண்டே “ம்” கொட்டினேன். இப்போது ஒன்றும் நினைவில் இல்லை. மேற்கே திறந்தால் ஆடிக் காற்று வரும், ஷாப்பு நாற்றமும் வரும். கிழக்கே திறந்தால் நாற்றம் இல்லை, காற்றும் இல்லை. வயரிங் பக்ருதீன் லைட்டு எங்கே என்று கேட்டு ஆள் விடுகிறார். எனக்குத் தலை சுற்றுகிறது.

உங்களிடம் ஏதாவது சொன்னாரா? ஒரு வார்த்தை இருந்தாலும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
சைனம்பு

*

பழனியாண்டவர் துணை

5-3-1958

தங்கச்சி சைனம்புக்கு சடையாண்டி எழுதுவது.

கடிதம் கண்டேன். நாலு நாளாய் பீடி குடிக்காமல் வேலை பார்த்தேன். இன்றைக்குத்தான் குடித்தேன். அங்காளம்மாளை ஒன்றும் சொல்ல முடியாது. சொன்னால் சாந்துச் சட்டியைக் கவிழ்த்துவிடுவாள்.

ராவுத்தர் மச்சான் என்னிடம் காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “பொங்கலுக்குப் போய்ட்டு வா மாப்ளே, வந்ததும் ஜன்னல் ஓட்டைக் கணக்கப் பேசுவம்” என்றார். செம்பட்டிக்குப் போய் நாலு நாளில் திரும்பினேன். பேச ஆள் இல்லை.

ஆனால் ஒரு சேதி இருக்கிறது. நான் இல்லாத நாளில் மச்சான் தனியாக வந்து சுவரில் கரித்துண்டால் குறி போட்டிருக்கிறார். நாலு குறி. நீங்கள் நின்று சமைக்க மேடை அடுப்பு வரும் மேற்குச் சுவரில் ஒரு வட்டம். அதற்கு எதிர்ச் சுவரில் கவட்டைக் கம்பைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒன்று. உள் ரூமில் கவட்டையை நிமிர்த்தி வைத்த மாதிரி ஒன்று. பக்கத்திலேயே ஒத்தைக் கோடு.

கோடு எனக்குப் புரிந்தது. ஒரு லைட்டு. மற்றது எல்லாம் ஜன்னல் வடிவம் என்று நினைக்கிறேன். வட்டமாய் ஒன்று, முக்கோணமாய் ரெண்டு. தோல் ஷாப்பில் கிடந்த மனுசனுக்கு இம்புட்டு ரசனையா என்று நின்று பார்த்தேன். உடைத்துத் திறக்கட்டுமா? பூச்சு வேலை தொடங்கிவிட்டால் அப்புறம் சுவரில் கை வைக்க முடியாது.

இப்படிக்கு,
சடையாண்டி

*

786

9-3-1958

சடையாண்டி அண்ணனுக்கு,

குறி போட்டிருக்கிறார் என்று வாசித்ததும் கடிதத்தை மூடி வைத்துவிட்டேன். சாயங்காலம்தான் மறுபடி எடுத்தேன்.

அவருக்கு வட்டம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. பதிமூணு வருசம் கூட இருந்தேன். சோறு குழைந்தால் பிடிக்காது, கமர் அழுதால் பிடிக்காது, இதெல்லாம் தெரியும். ஜன்னல் என்ன வடிவத்தில் பிடிக்கும் என்று நான் கேட்டதே இல்லை. அந்த வீட்டைப் பார்க்காமல் எதைச் சரி என்பேன், எதைத் தப்பு என்பேன்?

அவர் போட்ட குறி சரியாகத்தான் இருக்கும். அந்தந்த இடத்தில் அந்தந்த மாதிரியே திறந்துவிடுங்கள்.

சைனம்பு

*

பழனியாண்டவர் துணை

27-3-1958

தங்கச்சிக்கு,

நோன்பு நேரத்தில் மனசு கஷ்டப்பட எழுதுவதற்கு மன்னிக்கவும்.

குறி இருந்த இடத்திலேயே உடைத்து, வட்டமும் முக்கோணமும் அளவு பிசகாமல் வைத்தேன். போகிற வருகிற ஆள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். “சடையாண்டி, இது வீடா, புறாக்கூடா?” என்று கேலி வேறு. நேற்று ஓடு மேய்ந்து முடிந்ததும் மேடை அடுப்பில் விறகு வைத்துச் சோறு பொங்கிப் பார்க்கச் சொன்னேன். வட்டம் அடுப்போடு அடுப்பாக இருக்கிறதா, மேற்கேயிருந்து வந்த காற்று நேராகத் தீயில் அடித்தது. புகை ஒரு பொட்டு வெளியே போகவில்லை. அம்புட்டும் உள் ரூமில் போய் நின்றது. அங்காளம்மாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, “ஏய்யா, வீடு கட்டச் சொன்னாகளா, சாம்பிராணிச் சட்டி கட்டச் சொன்னாகளா?” என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் பிள்ளை படுக்கப் போகிற ரூம் அது. எங்கே பிசகினேன் என்று தெரியவில்லை. மச்சான் போட்ட குறிகளை ஞாபகத்தில் இருக்கிற மாதிரி இந்தத் தாளின் பின்பக்கம் வரைந்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை வரை பூச்சு வேலையைத் தள்ளி வைக்கிறேன்.

சடையாண்டி

*

786

30-3-1958

சடையாண்டி அண்ணனுக்கு,

தாளை நேராகப் பிடித்துப் பார்த்தேன், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். புரியவில்லை. அதை மடித்து, கமர் ஓதுகிற கித்தாபில் அடையாளமாக வைத்திருந்தேன். இன்று அசர் தொழுதுவிட்டு அவளை ஓதச் சொன்னேன். அவள் கித்தாபைத் திறந்து, “அம்மா, இந்தா கவட்டை, இந்தா கவுந்த கவட்டை” என்று பக்கத்தின் உச்சியைக் காட்டினாள். எழுபத்தெட்டாம் பக்கம்.

அண்ணே, அது ஜன்னல் வடிவம் இல்லை. நம்பர். எங்கள் அரபுக் கித்தாபில் எண்கள் இப்படித்தான் போட்டிருக்கும். ஒத்தைக் கோடு ஒன்று. கவட்டை ஏழு. கவிழ்த்த கவட்டை எட்டு. நீங்கள் வட்ட ஜன்னல் என்று நினைத்தது, எங்களுக்கு அஞ்சு. அவர் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. ஓதுகிற பள்ளியில் படித்த எழுத்துதான். ஷாப்பில் தோல் எண்ணினாலும் இந்த எண்ணில்தான் குறிப்பார். இத்தனை வருசம் பார்த்த எனக்கே தோன்றவில்லை, நீங்கள் என்ன செய்வீர்கள்?

ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. கொட்டகையில் காற்று தாழ நுழைந்து உயர ஏறிப் போகும் என்பார். அப்படியானால் எதிர்ச் சுவரில் எட்டடியில் புகை போக வழி. உள் ரூமுக்கு ஏழடியில் வெண்டிலேட்டர். மேடை அடுப்புக்கு மேலே, மேற்குச் சுவரில் ஜன்னலின் கீழ்க்கட்டை அஞ்சடி. அதற்குக் கீழே இருந்தால் காற்று தீயில் அடிக்கும், மேலே இருந்தால் என் மூக்குக்கு எட்டாது. இதை எப்படி அடித்துச் சொல்கிறேன் என்றால், மார்கழியில் ஒரு நாள் என்னை இந்த அடுப்பங்கரைச் சுவரோடு நிற்க வைத்து, மூக்குக்கு நேரே கோடு போட்டு, தோல் அளக்கும் கோலால் அளந்தார். “குள்ளச்சி குள்ளச்சின்னு நெனச்சேன், மூக்கே அஞ்சடில இருக்கே புள்ளே” என்றார். எதற்கு அளக்கிறார் என்று அன்றைக்குத் தெரியாது. நான் அன்று ஒரு விளையாட்டு விளையாடினேன். அதை எழுத வேண்டாம்.

அந்த ஓட்டைகளை அடைத்து, சொன்ன உயரத்தில் திறந்துகொடுங்கள். இன்னொன்று கேட்க வேண்டும். குறி போட்ட செங்கல் எங்கேயாவது கிடக்கிறதா? அவர் கையெழுத்து என்று என்னிடம் ஒன்றும் இல்லை.

சைனம்பு

*

பழனியாண்டவர் துணை

4-4-1958

தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். அஞ்சை வட்ட ஜன்னல் என்று நினைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். “படிச்ச கொத்தனாரு” என்று அங்காளம்மாள் தெருவுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அஞ்சு, ஏழு, எட்டு. மூன்றையும் திறந்துவிட்டேன். நேற்று மறுபடி அடுப்பு மூட்டினோம். புகை கயிறு கட்டி இழுத்த மாதிரி எதிர்ச் சுவருக்கு ஏறி வெளியே போகிறது. உள் ரூமில் நின்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. பக்ருதீன் அங்கே ஒரு லைட்டுக்கு வயர் இழுத்துவிட்டார்.

செங்கலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எப்படி எழுதுவது என்று தெரியாமல் ரெண்டு நாள் தள்ளினேன். உடைத்த செங்கலையெல்லாம் தட்டித் தரைக்கு ஜல்லியாய்ப் போட்டுவிட்டோம். என்னை எதைக் கொண்டு அடித்தாலும் தகும். கரித்துண்டுக் கோட்டைக் கும்பிட்டுப் பார்க்க வேண்டியவன் சுத்தியலால் பார்த்தேன். இத்தா முடிந்து வந்து நேரிலே திட்டுங்கள்.

சடையாண்டி

*

786

1-6-1958

சடையாண்டி அண்ணனுக்கு, புது வீட்டிலிருந்து சைனம்பு எழுதுவது.

இத்தா முடிந்து, பால் காய்ச்சி, குடிவந்து அஞ்சு நாள் ஆகிறது. நீங்கள் கிணற்றுச் சுவர் வேலையாக வாசலில்தான் இருக்கிறீர்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரம். நேரில் பேசலாம் என்று ஆன பிறகும் எழுதுகிறேன் என்றால், இது நேரில் சொல்ல வெட்கப்படுகிற சங்கதி.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். கமர் அஞ்சு நாளும் உள் ரூமில் படுத்தாள். ஒரு தடவைகூட மூச்சு இளைக்கவில்லை. லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்கிறாள். அதுதான் ஒரு தொல்லை.

செங்கலுக்காக இனி வருத்தப்படாதீர்கள். முதல் நாள் உள்ளே வந்ததும் அழுதேன், மறைக்கவில்லை. அப்புறம் நினைத்தேன். தரையில் போட்டீர்கள் என்றால் வீட்டுக்குள்ளேதானே இருக்கிறது. எந்த இடம் என்று எனக்குத் தெரிய வேண்டாம்.

இப்போது ஜன்னல். மேடை அடுப்புக்கு முன்னால் நின்றேன். காற்று வந்தது. ஆனால் நெற்றியில் அடித்து முடியைக் கலைத்துவிட்டுப் போகிறது, மூக்குக்கு வரவில்லை. நாலு விரல் உயரம் கூடுதல். நேற்று நீங்கள் வாசலிலிருந்து பார்த்துவிட்டு, “அளவு பிசகிப்போச்சா தாயி, கட்டைய எறக்கிருவமா?” என்று கேட்டீர்கள். நான் உள்ளே போய்விட்டேன்.

அளவு பிசகவில்லை அண்ணே. நீங்கள் வைத்தது அஞ்சடி. அவர் எழுதினதும் அஞ்சடி. அன்றைக்கு என்னைச் சுவரோடு நிறுத்தினபோது, எப்போது பார்த்தாலும் குள்ளச்சி என்கிறாரே என்று, சேலைக்குள்ளே குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அவர் கோட்டைப் பார்த்தார், காலைப் பார்க்கவில்லை. “அஞ்சடி” என்று ஆச்சரியப்பட்டார். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், சொல்லிச் சிரிக்கலாம் என்று இருந்தேன். நாள் இருக்கிறது என்று நினைத்தேன். அவர் அதை நம்பி வீட்டையே கட்டிவிட்டுப் போய்விட்டார்.

கட்டையை இறக்க வேண்டாம். அடுப்புக்கு முன்னால் நான் நிற்கிற இடத்தில் ஒரே ஒரு வரிசைச் செங்கலைப் படுக்கையாகப் பரப்பிப் பூசிக் கொடுங்கள். இன்று கமர் ரெண்டு செங்கலைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள், ஏறி நின்று பார்த்தேன். காற்று நேராக மூக்குக்கு வந்தது.

அங்காளம்மாளிடம் காரணம் சொல்ல வேண்டாம். ஈரத்துக்காக மேடை என்று சொல்லுங்கள். அவர் போட்ட அஞ்சு அஞ்சாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கை,
சைனம்பு