கரையோர வீட்டின் சம்மதம்

இரும்புலியூர், தாம்பரம்

அன்புள்ள மகன் ஜெஃப்ரிக்கு,

ஆண்டவர் தயவில் நான் சுகமாக இருக்கிறேன். கடல் கடந்த அந்தக் குளிரில் நீயும் ஜெனியும் குழந்தையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று ஜெபமாலை சொல்லும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நான் கத்திக் கூச்சல் போட்டதாக உனக்குச் செய்தி வந்திருக்கும். நான் கத்தவில்லை. மைக்கை என்னிடம் தரவில்லை, அதனால் கடைசி நாற்காலி வரை கேட்கும்படி பேசினேன், கான்வென்டில் சிஸ்டர்கள் அப்படித்தான் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். எனக்கு மீன் நாற்றம் ஆகாது என்றும் சொல்கிறார்களாம், வெள்ளிக்கிழமை தவறாமல் சங்கரா மீன் குழம்பு கொதிக்கிற வீட்டைப் பார்த்து.

விஷயம் இதுதான். நம் தெருவுக்குப் பின்னால் உள்ள ஏரியில் பறவைகளுக்கென்று வேலி போட்டுக் காக்கிற பாகத்தை, சனி ஞாயிறுகளில் பொதுமக்கள் தூண்டில் போடத் திறந்துவிடச் சொல்லிச் சங்கம் மனு கொடுக்கப் போகிறது. நாவலூர் அபார்ட்மென்ட்காரர்கள் காரில் வந்து குவிவார்கள், நம் மனை விலை ஏறும் என்கிறார் செயலாளர் ஷ்யாம்சுந்தர். கரையை ஒட்டிய வீடுகள் எல்லாம் சம்மதித்தால்தான் மனு போகும் என்பது அவர்களே வைத்த விதி. நான் எழுந்து எனக்குச் சம்மதமில்லை என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, உங்க வீட்டு சம்மதம் போன வாரமே வந்துடுச்சே மேடம், உங்க பையன் வாட்ஸ்அப் க்ரூப்ல தம்ஸ்அப் போட்டுட்டாரே என்கிறார். அந்த க்ரூப்பில் நான் இல்லை. பக்கத்து வீட்டு ஜெய்னப்தான் தன் போனைத் திறந்து காட்டினாள். உன் கட்டைவிரல் நிற்கிறது. கீழே, நான் இருக்கிற ஊரில் வனவிலங்குக் காப்பிடங்களிலேயே மீன்பிடிக்கவும் வேட்டையாடவும் இன்னும் நிறைய இடம் திறந்திருக்கிறார்கள், ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஷ்யாம்சுந்தர் அதை மைக்கில் வாசித்தார். பின்வரிசையில் ஒருவர், அப்போ அடுத்த வருஷம் துப்பாக்கி எடுத்துகினு வரலாமா சார், நாரை பிரியாணி போட்டுடலாம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

உங்கள் ஊர் நாள் முழுக்க நடந்தாலும் தீராத காடு. எந்த மாதம் எதைப் பிடிக்கலாம் என்று விதி இருக்கிறது, மீறினால் கேட்க ஆள் இருக்கிறது. நீ பிடித்த மீனை அளந்து பார்த்து, சிறியது, திரும்ப விடு என்று அதிகாரி சொன்னதாக நீதானே போனில் சொன்னாய். இங்கே காவலுக்கு ஒரே ஆள், அவரும் மத்தியானம் சாப்பிடப் போய்விடுகிறார். இந்தக் கரையில் தும்மினால் அந்தக் கரையில் கேட்கிற ஏரி இது. நாரைகள் கூடு கட்டுகிற கருவேல மரங்களுக்கு அடியிலேயே தூண்டில் மேடை போடுவார்களாம். போன வாரம் ஒரு நாரை காலில் தூண்டில் நைலான் நரம்பு சுற்றி நம் மதில் ஓரம் கிடந்தது. தையல் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன், ஆனாலும் கால் பாதி அறுந்திருந்தது, சாயங்காலம் செத்துப்போனது. திருட்டுத்தனமாகத் தூண்டில் போட வருகிற இரண்டு பேரால் இது. சீட்டு வாங்கிக் கூட்டமாக வந்தால் என்ன ஆகுமென்று நீயே யோசி.

இன்னொன்றும் எனக்குப் பொறுக்கவில்லை. உங்கப்பா இந்த வீட்டை என் பெயரில்தான் வாங்கினார்கள். சந்தா கேட்டு வரும்போது நான் வீட்டுக்காரி, சம்மதம் என்றால் மட்டும் கடல் கடந்து இருக்கிற மகனா? ஒரு விதவை உட்கார்ந்திருக்கும்போதே அவளைத் தாண்டி உன் விரலை எண்ணினார்கள் என்றால், அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. நீயும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மரியாதைக்குப் போட்டேன் என்று சொல்வாய். யாருக்கு மரியாதை?

முடிச்சூர் சித்தி வீட்டில் மாடி கட்டி முடித்துவிட்டார்கள், இனி வெள்ளம் வந்தால் ஏறிக்கொள்ளலாம். ஜெனியிடம் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று சொல். குழந்தையைத் தமிழில் கூப்பிடுங்கள். மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக.

மனுவில் கையெழுத்து வாங்குவது அடுத்த மாதக் கடைசியில். போனில் சாரி அம்மா என்பது எனக்குப் போதாது. இந்த வீட்டின் சம்மதத்தைச் சொல்ல வேண்டியவர் என் அம்மா, நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்பு.

உன் அம்மா,
ஞானஜோதி