எடைக் கொட்டகையில் ஒரு நாற்காலி

மார்ச் 3, செவ்வாய்
ஊர் ஆஸ்பத்திரி இனி ஊராட்சியின் பொறுப்பாம். எந்த நாள், எந்த இடம், எல்லாம் நாமே முடிவு செய்யலாம். சுகாதாரக் குழுவுக்கு யார் தலைமை என்றதும் உறுப்பினர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்து மாட்டிக்கொண்டேன். தைக்க வேண்டிய துணி மலையாகக் கிடக்கிறது, இது வேறு. ஒரு நிபந்தனையும் உண்டு. மூன்று மாதத்துக்குள் வாரம் நாற்பது பேராவது வர வேண்டும், இல்லாவிட்டால் நர்ஸை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். இப்போது வருவது ஏழு பேர்.

மார்ச் 4, புதன்
"அந்த ஏழு பேர்லயும் மூணு பேர் வழி கேக்க வர்றவங்க" என்கிறார் நர்ஸ்.
ஆஸ்பத்திரி நாள் செவ்வாய். சந்தையும் செவ்வாய். பிறகு யார் வருவார்கள்? இதுவரை நடத்திய மேலதிகாரிகளுக்கு இதுகூடத் தெரியவில்லை! புதனுக்கு மாற்றிவிட்டேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மார்ச் 11, புதன்
நாலு பேர். அதில் ஒருத்தி நான்.

மார்ச் 18, புதன்
மூன்று. "பழைய ஆளுங்களே தேவலையோ?" என்றார் ஊராட்சித் தலைவர்.

மார்ச் 20, வெள்ளி
நாத்தனார் ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தாள். ஏழு மாதம். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை.
"ஏண்டி, புதன்கிழமை வரலை?"
"புதன்கிழமை வாசப்படி தாண்டினா எங்க, எதுக்குன்னு மாமியார் ஆயிரம் கேள்வி கேப்பாங்க அண்ணி. செவ்வாய்னா பையை எடுத்தா போதும், யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா ஆஸ்பத்திரி ஊர்க்கோடியில இருக்கே, போயிட்டு வர்றதுக்குள்ள சந்தை கலைஞ்சிடும்."
அடி மக்கு என்று என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். நாள் சரிதான். இடம்தானே தப்பு? கத்தரிக்கோலைப் போட்டுவிட்டுத் தலைவர் வீட்டுக்கு ஓடினேன்.

மார்ச் 21, சனி
அவசரக் கூட்டம். "காய்கறி விக்கிற இடத்துல ஊசியா?" என்றார் தலைவர்.
"சந்தையில இருக்கிற எடைக் கொட்டகை ஊராட்சியோடதுதானே? அதிகாரத்தை வாங்கி வெச்சது எதுக்கு, ஊறுகாய் போடவா?"
சிரித்துவிட்டார். கையெழுத்தும் போட்டுவிட்டார்.

மார்ச் 24, செவ்வாய்
மிச்சத் துணிகளை ஒட்டுப் போட்டு நானே திரை தைத்தேன். "தராசு பக்கத்துல உக்கார வெச்சா என்னையும் கிலோ என்ன விலைன்னு கேப்பாங்க" என்று முனகிக்கொண்டே நர்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். பெண்கள் பைகளை வரிசையில் வைத்துவிட்டுப் பேரம் பேசப் போனார்கள். பை முன்னால் வந்ததும் ஆள் வந்தாள். முப்பத்தொரு பேர்!
பன்னிரண்டாவது பை நாத்தனாருடையது. பிரஷர் நூற்று எழுபது. நர்ஸின் முகம் மாறிவிட்டது. தலைவரின் காரிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அவள் வாங்கிய கத்தரிக்காயும் கூடவே போனது. இன்னும் ஒரு வாரம் போயிருந்தா? ஐயோ, நினைக்கவே முடியலை.

மார்ச் 30, திங்கள்
நாத்தனாருக்குப் பிரஷர் இறங்கிவிட்டது. வயிற்றில் பிள்ளை நன்றாக இருக்கிறதாம். அவள் மாமியாரே கூட இருந்து பார்த்துக்கொள்கிறார்.

ஏப்ரல் 7, செவ்வாய்
ஐம்பத்தெட்டு! நாத்தனாரின் மாமியாரும் பை வைத்தார்.

மே 12, செவ்வாய்
நாத்தனாருக்குப் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். தையல் கடையைப் பூட்டிவிட்டு நன்றாக அழுதேன்.

ஜூன் 2, செவ்வாய்
கடிதம் வந்தது. நர்ஸுக்கு மாறுதல் இல்லை. சந்தையே கைதட்டியது. பக்கத்து ஊராட்சிக்காரர்கள் திரையின் நீளம், அகலம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள்.

ஜூன் 9, செவ்வாய்
இரண்டு நாளாகத் தலைச்சுற்றல். நேரே திரையை விலக்கினேன். உள்ளே நாத்தனாரின் மகள் எடை பார்க்கும் தட்டில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தாள்.
"நான் குழுத் தலைவியாக்கும்" என்றேன்.
நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பையை வரிசையில வைங்க."
வைத்தேன். நாற்பத்து நாலாவது பை.