ஒன்பதரை மணி விளக்கு

6 நவம்பர் 2001, செவ்வாய்

மணி ஒன்பதரை. கதவிடுக்கில் துண்டைச் செருகிவிட்டேன். மின்விளக்கின் குமிழை ஆகக் குறைவாகத் திருப்பியிருக்கிறேன். ஒன்பது மணிக்கு மேல் வெளிச்சம் தெரிந்தால் அம்மா விடமாட்டாள். இந்த விளக்கைப் பழைய சாமான் சந்தையில் வாங்கியதே யாருக்கும் தெரியாது.

அப்பாவின் பெட்டி நடையில் நிற்கிறது. முப்பதாம் தேதிக்குள் எங்கள் தெருச் சோதனை சரிவராவிட்டால் மறுபடி ஹாம்பர்க் வேலை. சனிக்கிழமை மட்டும் அப்பா. இரண்டு வருடம் அப்படி இருந்தோம். எனக்கு வேண்டாம்.

சுவருக்குள் ஓடும் மின்கம்பியிலேயே இணையம் வர வேண்டும். அதுதான் சோதனை. பகலெல்லாம் பறக்கிறது. இரவு ஒன்பதரை ஆனால் பாதித் தெருவுக்கு நின்றுவிடுகிறது. ஏன் என்று அப்பாவுக்கே தெரியவில்லை. எதிர்வீட்டு ஏலர் அம்மாள் இன்று அப்பாவிடம் கேட்டாராம்: "உங்க இன்டர்நெட்டையும் புள்ளையோட சேத்துப் படுக்கப் போட்டுடுறீங்களா, ஹெர் ராப்?" அப்பா சிரித்தார். ஆனால் சாப்பிடவில்லை.

8 நவம்பர்

இன்றும் ஒன்பதரைக்குப் போயிற்று.

10 நவம்பர்

நாளை மார்ட்டின் திருநாள் ஊர்வலம், பிள்ளைகள் எல்லாரும் விளக்கோடு நடப்போம். அப்பாவும் நானும் காகித விளக்கு ஒட்டினோம். அந்தக் கம்பியில் எப்படித்தான் இவ்வளவும் போகிறது என்று கேட்டேன்.

"ஒரே ஆளு பெரிய பந்தத்தத் தூக்கிட்டு ஓடினா, ஒரு காத்து போதும். நாங்க ஆயிரம் பேருகிட்ட ஆளுக்கொரு சின்ன விளக்கக் குடுத்து மெதுவா நடக்க விடுறோம். நாலு அணைஞ்சாலும் ஊர்வலம் ஊர் போய்ச் சேரும்."

ஒவ்வொன்றுக்கும் தனி அதிர்வாம். ஒன்றின் காலை ஒன்று மிதிக்காதாம். இப்போது சுவரில் கை வைத்துப் பார்க்கிறேன். சில்லென்று சும்மா இருக்கிறது. இதற்குள்ளா ஆயிரம் பேர்?

12 நவம்பர்

நேற்று நெக்கார் ஆற்றங்கரைவரை நடந்தோம். வந்து காலணியோடு தூங்கிவிட்டேன், எழுதவில்லை.

காலையில் அப்பா சமையலறையில் பாடினார். இரவு முழுக்க நிற்கவே இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை என்பதாலா என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

ரொட்டியைக் கீழே வைத்தேன். நேற்று என் விளக்கும் எரியவில்லை.

இருக்காது. இவ்வளவு சின்ன விளக்கு.

13 நவம்பர்

ஒன்பதரைக்கு ஏற்றினேன். கீழே, சோதனைக் கருவி இருக்கும் நிலவறையில் அப்பாவின் நாற்காலி கிரீச்சிட்டது. அணைத்தேன். அமைதி. மறுபடி ஏற்றினேன். "திரும்பவுமா..." என்றது அவர் குரல்.

தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன்.  நான்தான். இத்தனை நாளும் நான்தான். சொன்னா அப்பா என்னை எப்படிப் பாப்பார்? சொல்லாட்டி அந்தப் பெட்டி போயிடும். ரெண்டும் வேண்டாமே.

14 நவம்பர்

விளக்கைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். "அப்பா, அந்த ஒன்பதரை நான்தான்."

 அவர் அதைச் சுவரில் செருகி, கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். பச்சைக் கோடுகள், ஆயிரம் இருக்கும், வரிசையாக நின்றன. குமிழைத் திருப்பச் சொன்னார். ஒரு பக்கம் முழுக்கக் காற்றில் கோதுமை வயல் போலச் சாய்ந்தது. ஒளியைக் குறைக்கக் குறைக்க இன்னும் சாய்ந்தது.

அந்த மலிவான குமிழ் நொடிக்கு நூறு தடவை மின்சாரத்தை வெட்டுகிறதாம். ஒவ்வொரு வெட்டும் கம்பிக்குள் ஒரு கூச்சல். ஒளிந்துகொள்ளத்தானே குறைத்தேன்? தெருவிலேயே அதிகம் கத்தியது நான்தான். உடம்பு சிலிர்த்தது. பயத்தில் இல்லை.

"தூக்கிப் போட்டுடட்டுமா?"

"போடாத, மெர்லே. தப்பு என்னுது. நட்டநடு மத்தியானத்துல ஒரு தடவ கம்பியோட கூச்சல அளந்துட்டு, அந்த ஆயிரம் பேருக்கும் ஒரே சுமையக் குடுத்துட்டேன். ஒரு சின்னப் பொண்ணு விளக்குக்குச் செத்துப்போற லைன் யாருக்கு வேணும்?"

அம்மாவிடம் தானே பேசுவதாகவும் சொன்னார்.

21 நவம்பர்

இப்போது கருவி கம்பியைச் சில நொடிக்கொரு தடவை கேட்டுக்கொண்டே இருக்கிறது. குமிழைத் திருப்பினேன். கூச்சலில் மாட்டிய கோடுகள் மெல்ல உட்கார்ந்தன. அவற்றின் சுமையை வாங்கிக்கொண்டு மற்ற பக்கம் எழுந்தது. எதுவும் நிற்கவில்லை. யாரும் பார்க்காத சுவருக்குள், நாம் தூங்கும்போதும், இது நடக்குமாம். திரும்பத் திரும்பத் திருப்பினேன். அப்பா போதும் என்று சொல்லவேயில்லை.

30 நவம்பர், வெள்ளி

பத்து மணிவரை விழித்திருக்க அம்மா சம்மதித்துவிட்டாள். ஒன்பதரைக்கு விளக்கை ஏற்றி, ஆகக் குறைவாக வைப்பது இப்போது என் வேலை. வைத்தேன். எதிரே ஏலர் அம்மாளின் கணினித்திரை நீலமாக எரிந்துகொண்டே இருக்கிறது.

துண்டைக் குளியலறையில் மாட்டிவிட்டேன். பெட்டி அலமாரிக்கு மேலே ஏறிவிட்டது. அதன்மேல் என் காகித விளக்கு இருக்கிறது.