மூட்டை சுமக்கும் வெண்கல மனிதன்

என் பிரியமான ரகு அண்ணா,

நீ கண் மூடியபின் உன் ஜெர்சி சிட்டி அபார்ட்மென்ட்டைக் காலி பண்ண வந்து நாலு நாளாகிறது. புத்தகமெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது. நேற்று காலை உன் பிரெஞ்சுக் கடிகாரத்தை எடுத்து டைனிங் டேபிளில் வைத்தேன். அப்புறம் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

அதை வாங்கிய அன்றே எனக்கு வீடியோ கால் பண்ணினாய், ஞாபகம் இருக்கிறதா? "இருநூறு வருஷத்துக்கு முந்தினது சுமதி. வெண்கலத்துல தங்க முலாம்!" கறுப்பு வெண்கலத்தில் ஒரு ஆள், முதுகில் மூட்டை, மூட்டை நடுவில் கடிகார முகம். இடுப்பைச் சுற்றித் தங்க இறகுகள், காதில் தங்க வளையம், எனாமல் கண்கள். பீடம் முழுக்கப் பூமாலை. "நம்ம கலர்ல ஒருத்தன், எவ்ளோ ஜம்முனு இருக்கான் பாரு!" என்றாய். நானும் சிரித்தேன்.

நேற்று கதவு திறந்தே கிடந்தது. சனிக்கிழமைதோறும் உன்னோடு செஸ் ஆடின எதிர்வீட்டு மார்கஸ் எனக்குக் காபி கொண்டுவந்தார். டேபிளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இது யாரோடது?"

"அண்ணாவோடதுதான். வீடியோ கால்ல எப்பவும் அந்த ஷெல்ஃப்ல தெரியுமே!"

"பதினோரு வருஷமா இந்த ரூமுக்கு வர்றேன். இதைப் பார்த்ததே இல்லை."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே நிதானமாகச் சொன்னார். "இவன் ஆப்பிரிக்க அடிமை. முதுகுல இருக்கறது முதலாளியோட சரக்கு. என் முன்னோரையும் இப்படித்தான் சுமக்க வெச்சாங்க. பாரிஸ் பணக்காரங்க அதை வீட்டு அலங்காரமா ஆக்கிட்டாங்க."

இத்தனை வருஷம் அந்த இறகையும் மாலையையும் ரசித்தவளுக்கு, அவன் முதுகு வளைந்திருப்பது ஏன் கண்ணில் படவில்லை?

"அண்ணாவுக்கும் தெரிஞ்சிருக்காது" என்று சொல்லிக்கொண்டே, சுற்றி வைக்கத் துணி தேடி குளோசெட்டைத் திறந்தேன். கீழ்த்தட்டில் மடித்த கம்பளி, அதில் பீடத்தின் தடம். பக்கத்தில் இதே மாதிரிக் கடிகாரங்களைப் பற்றிய கட்டுரை ஒன்று, பிரின்ட் எடுத்தது. அடிமை என்று வரும் இடமெல்லாம் பென்சில் கோடு. ஓரத்தில் உன் கையெழுத்து: "சனிக்கிழமை மார்கஸ் வர்றதுக்குள்ள உள்ளே வை."

"என்ன எழுதியிருக்கு?" என்றார். பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

மார்கஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "கேட்டிருந்தா பேசியிருப்பேனே. இவனை உள்ள வெச்சு மூடிட்டு ரகு என்கூட சிரிச்சு விளையாடியிருக்கான்!"

ஏன் அண்ணா? அவர் மனசு நோகக்கூடாதென்றா? அப்படியானால் அவர் கிளம்பியதும் ஏன் மறுபடி ஷெல்ஃபில் வைத்தாய்? பதில் சொல்ல நீ இல்லை. அழுகையைவிட எனக்குக் கோபம்தான் வந்தது.

சாயங்காலம் அவராகவே திரும்பி வந்தார். அவர் தங்கை மகள் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லித்தருகிறாளாம். "மாணவர்கள் பார்க்கட்டும். ஆனா இவன் யாருன்னு தெரிஞ்சுகிட்டுப் பார்க்கட்டும்" என்றார்.

இன்று இருவரும் கொண்டுபோய்க் கொடுத்தோம். பக்கத்தில் வைக்கும் அட்டைக்கு அவர் சொல்லச்சொல்ல நான் எழுதினேன். யாரிடமிருந்து வந்தது என்ற இடம் வந்ததும் மார்கஸ் என் கைப்பேனாவைப் பிடித்து நிறுத்தினார். பிறகு, "என் நண்பன் ரகுவின் வீட்டிலிருந்து" என்று எழுதச் சொன்னார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இனி யார் கேட்டாலும் உன் நல்லதைச் சொல்லும் வாயால் இதையும் சொல்வேன், அண்ணா. உனக்காக எதையும் ஒளித்துவைக்க மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
சுமதி